வோல்டிஸுக்கு மட்டும் பாட்டில்லை

பாட்டுக் குழுவை நடத்தும் ஹூகோ ஐயா போட்ட தடை உத்தரவில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பாட்டுக் குழுவில் இருக்கும் பெண்கள் யாரும், அடுத்த மாதத்துப் பாட்டுத் திருவிழா முடியும்வரை, கூடைப்பந்து மைதானத்தில் நின்று கத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஒத்திகைக்கு வருகிற குரல்களைக் கேட்டால் காக்கைக்கே அவமானமாக இருக்கும் என்றார். எல்லா அகதி முகாம்களிலிருந்தும் குழுக்கள் வரப்போகின்றன. அவர்கள் முன்னால் தன் மானத்தை வாங்க வேண்டாம் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

அவருடைய கஷ்டம் நியாயமானதுதான். போர் முடிந்து, ஜெர்மனியில் அந்த நாட்டுப் பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன கட்டடங்களில் அகதிகளாகக் குடியிருந்த லாட்வியர்களுக்கு நாடு இல்லை, வீடு இல்லை, மூன்று வேளையும் அதே பட்டாணி சூப். ஆனால் பாட்டுக் குழு இருந்தது, நாடகக் குழு இருந்தது, சதுரங்கக் கழகம் இருந்தது, அமெரிக்கப் பட்டாளத்துக் கம்பளியை வெட்டிச் சாயம் போட்டுத் தைத்த நடன உடைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கூடைப்பந்து இருந்தது. இருக்கிறதே அந்த ஒரே கூட்டம்தான். அவர்களே பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும், ஆட்டம் பார்த்துத் தொண்டை கிழியவும் வேண்டும்.

தடை உத்தரவில் ஓட்டை கண்டுபிடித்தவள் அல்வீனே. சமையல்கூடத்தில் பட்டாணி அளந்து போடுகிறவள், பாட்டுக் குழுவில் இரண்டாம் குரல், முப்பதைத் தாண்டியவள். வாய் என்றால் அப்படியொரு வாய். "ஐயா கத்தக் கூடாதுன்னுதானே சொன்னாரு, பாடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள். அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்துக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, எதிரணி ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து வசைப்பாட்டுப் பாடத் தொடங்கினார்கள்.

வசைப்பாட்டு லாட்வியர்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பாடுவார்கள், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். கோடை நடுவில் வரும் லீகோ பண்டிகையன்று ஆண்களும் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவரையொருவர் நாறடிப்பார்கள். நாலே வரிதான். மூக்கு, நடை, சோம்பல், கஞ்சத்தனம், எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். பாடப்பட்டவன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். பாடாமல் விடப்பட்டவன் மட்டும் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். அவனை யாரும் ஆளாகவே மதிக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

அந்த முதல் ஆட்டம் எஸ்டோனியர் முகாமோடு. அல்வீனே எடுத்துக்கொடுக்க, பெண்கள் வெளுத்து வாங்கினார்கள். ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்கவில்லை. எஸ்டோனியர்களுக்கு லாட்விய மொழி ஒரு வார்த்தை தெரியாது. யாரோ நமக்காக இனிமையாகப் பாடுகிறார்கள் என்று நினைத்து அவர்கள் குஷியாக ஆடினார்கள். அர்த்தம் புரிந்தது நம் பையன்களுக்கு மட்டும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, கைக்கு வந்த பந்தையெல்லாம் விட்டுவிட்டுப் படுதோல்வி அடைந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அணியைப் பழக்கிய எட்கார்ஸ் மாஸ்டர் தொப்பியைத் தரையில் வீசி மிதித்தார். ஹூகோ ஐயா மட்டும் மிகவும் சந்தோஷமாக இருந்தார். மறுநாள் எல்லாருக்கும் தொண்டை நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு, லாட்வியர் அணி எதிரில் வந்தால் மட்டும் பாடுவது என்று முடிவாயிற்று. அப்படி ஓர் ஆட்டம் லீகோ அன்றைக்கே வாய்த்தது. மலைக்கு அந்தப்பக்கம் இருந்த முகாம், நம் ஆட்கள்தான், மதியம் ஆட்டம், சாயங்காலம் நெருப்பு மூட்டிக் கொண்டாட்டம். நாற்பத்தேழாம் வருடக் கோடையில் நம் முகாமில் இதைவிடப் பெரிய நாள் இல்லை.

எல்லாருக்கும் பெரிய நாள் என்றால் அல்வீனேவுக்கு அது கடைசி நாள் மாதிரி. காரணம் வோல்டிஸ்.

வோல்டிஸ் தச்சன். அணியில் நடுவில் நிற்கிற நெட்டையன். மைதானத்துக் கூடைப் பலகை இரண்டையும் பட்டாளத்து அலமாரிக் கதவுகளைக் கழற்றி அவன்தான் செய்தான். வளையங்கள் பீப்பாயிலிருந்து வந்தவை. ஒரு பலகையின் பின்பக்கம் எவனோ ஜெர்மன் சிப்பாய் கத்தியால் கீறிய பெயர் இன்னும் இருக்கிறது. நல்ல கை, ஆனால் சரியான கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம் போல. அதைவிட மோசம், அவன் பாட மாட்டான். லாட்வியனாகப் பிறந்து பாடாத ஒருவனை அந்த முகாம் அதுவரை கண்டதில்லை. அவனைக் குழுவில் சேர்க்க ஹூகோ ஐயா ஒருமுறை குரல் சோதித்தார். பாதியிலேயே பியானோவை மூடிவிட்டு, "தம்பி, நீங்க நாற்காலி செய்ங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த வோல்டிஸ் குளிர்காலத்தில் அல்வீனேவின் இடத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தான். அறை என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய கூடத்தைக் கம்பளித் தடுப்புகளால் பிரித்த மூலை. அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் வந்து, தட்டு சாய்கிறதா என்று பார்த்தான். அது சாயவே இல்லை. இருந்தாலும் ஓர் ஆணி அடித்துவிட்டு, அவள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, "வரேங்க" என்று போவான். அடுத்த தடுப்பில் இருந்த அவள் தோழி ஸெல்மா, "அந்தத் தட்டுல இப்ப மரத்தைவிட இரும்புதாண்டி ஜாஸ்தி" என்பாள்.

வசந்தத்தில் இங்கிலாந்துக்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். ஆண்களுக்கு நிலக்கரிச் சுரங்கம், பெண்களுக்கு ஆஸ்பத்திரி, நூற்பாலை. வோல்டிஸ் பெயர் கொடுத்தான். உடல் சோதனையில் தேறினான். லீகோ முடிந்த வியாழக்கிழமை புறப்பாடு. அல்வீனேவும் பெயர் கொடுத்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவன் 'நீங்களும் வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அழைக்காத வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்து உட்காருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவனோ சனிக்கிழமைதோறும் வந்து ஆணிதான் அடித்தான். லீகோவுக்குள் கேட்டால் கேட்டது. கேட்காவிட்டால், அவன் கடல் தாண்டிப் போவான், அவள் பட்டாணி அளந்துகொண்டிருப்பாள்.

ஆட்டத்தன்று வெயில் சுள்ளென்று அடித்தது. மலைக்கு அந்தப்பக்கத்து முகாம் இரண்டு லாரியில் வந்து இறங்கியது. அவர்களும் பாட்டுப் பெண்களோடுதான் வந்திருந்தார்கள். செய்தி அங்கேயும் எட்டிவிட்டது. பந்து மேலே எழும்புவதற்கு முன்பே பாட்டு எழும்பியது. அவர்களுடைய நெட்டையன், தப்பாட்டத்துக்குக் கிடைத்த தனி எறிக்கு நின்றபோது அல்வீனே எடுத்துக் கொடுத்தாள்:

நெடிய காலு நாரையே,
நீ நிக்கிறது ஏரியா?
கூடைக்குப் பாதை தெரியலைன்னா
கோழியைக் கேட்டுப் போடு!

நாரை சிரித்துவிட்டது; பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. எதிரணியைப் பாடினால் மட்டும் போதாது, சொந்த ஆட்களையும் பாட வேண்டும், அதுதான் மரியாதை. நடுநடுவே தலை வாரிக்கொள்கிற ஓயார்ஸுக்கு ஒன்று வந்தது:

கண்ணாடி பார்த்து வந்தவனே,
காத்தடிச்சா கலையுமே!
பந்தைப் பிடிப்பியா, ஓயார்ஸே,
படிஞ்ச முடியைப் பிடிப்பியா?

எட்கார்ஸ் மாஸ்டரின் தொப்பிக்கு ஒன்று, விசில் ஊதிய அமெரிக்கச் சார்ஜெண்டின் காதுகளுக்கு ஒன்று. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த ஹூகோ ஐயாவையும் விடவில்லை. அவர் பஞ்சை எடுத்துவிட்டு, இரண்டாம் வரியில் சுருதி இறங்குகிறது என்று கை காட்டினார்.

அப்புறம் வோல்டிஸ் தனி எறிக்கு வந்து நின்றான். எதிர் முகாம் பெண்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். கொடிக்கம்பம் ஒன்று நடந்து வந்திருக்கிறது, கொடியைத்தான் காணோம் என்று பாடினார்கள். இனி நம் பெண்களின் முறை. அவனை எடுத்து அதைவிடக் காரமாக நாலு வரி பாட வேண்டும். எல்லாத் தலையும் அல்வீனே பக்கம் திரும்பியது.

அவளிடம் பாட்டு இல்லாமல் இல்லை. ஒரு வாரமாக அவனைப் பற்றித்தான் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் எந்தப் பாட்டைக் கட்டினாலும் நாலாவது வரியில் உள்ளே கிடந்தது எட்டிப் பார்த்தது. மூக்கைக் கேலி செய்தால் அந்த மூக்கை அவள் எவ்வளவு கவனித்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். மௌனத்தைக் கேலி செய்தால், எதைக் கேட்கக் காத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.  அவசர அவசரமாக அவனைத் தாண்டி, பக்கத்தில் நின்ற ஓயார்ஸுக்கே இன்னொரு பாட்டை எடுத்துவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதைதான்.  பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. புரியாதது ஒரே ஒருவனுக்குத்தான். வோல்டிஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையை ஒருமுறை பார்த்தான். எறிந்த பந்து பலகையைக்கூடத் தொடவில்லை. அதற்கப்புறம் அவன் மாடு மாதிரி ஓடினான், ஒரு பந்தும் போடவில்லை. ஓயார்ஸின் புண்ணியத்தில் கடைசியில் மயிரிழையில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து பெண்கள் புல்லில் உட்கார்ந்து, ஆண்களின் தலைக்கு ஓக் இலையில் வளையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வோல்டிஸ் முகம் கழுவிய ஈரத்தோடு நேராக அல்வீனேவிடம் வந்து நின்றான். மற்றவர்கள் மரியாதையாக இலைகளைப் பார்த்துக்கொண்டார்கள், காதுகளை மட்டும் இங்கே வைத்துவிட்டு.

"சார்ஜெண்டைக்கூடப் பாடினீங்க," என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "என்னை மட்டும் விட்டுட்டீங்க. போறவன்தானே, இவனை என்னத்தப் பாடறதுன்னு கழிச்சுக் கட்டிட்டீங்களா?"

"அப்படியில்லீங்க. பாட்டு வரலை."

"உங்களுக்கா வரலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

அல்வீனேவுக்கு முகம் பற்றி எரிந்தது. தன் மேலேயே கோபம் வந்தது. அவனை வாழ்நாளில் ஒரு முறையாவது நோகடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது. சொந்த ஜனம் தன்னைப் பாடவில்லை என்ற நினைப்போடு அவன் அந்நிய தேசத்தில் பூமிக்கடியில் போய் நிற்கப் போகிறான். கேட்டால் போகலாம், கேட்காவிட்டால் இருக்கலாம் என்று அதுவரை தன் பக்கக் கணக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவனுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த ஓக் இலைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஸெல்மா அந்த இலைகளைப் பிடுங்கிக்கொண்டாள். "ஊரையே நாக்குல போட்டு மெல்லுவே, உனக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? அவன்தான் ஊமைன்னா நீயுமாடி?"

"அவரு கேக்கட்டும்னு இருந்தேன்."

"அவனா? அவன் கேக்கறதுக்குள்ள அந்தச் சுரங்கத்துல நிலக்கரி தீர்ந்துடும்."

சாயங்காலம் மைதானத்துக்குப் பின்னால் விறகு அடுக்கினார்கள். நம் ஊரிலே இந்த நாளில் இருட்டவே இருட்டாது. இங்கே சூரியனைக்கூடச் சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள் என்று எல்லாரும் வழக்கம்போல ஜெர்மானியர்களைத் திட்டினார்கள். பால் பவுடரைக் கரைத்துத் திரித்து, சீமைச் சீரகம் போட்டுப் பாலாடைக்கட்டி செய்திருந்தார்கள். அது ரப்பர் மாதிரி இருந்தது, ஆனால் மஞ்சளாகவும் வட்டமாகவும் இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. பீர் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. தோற்ற முகாமும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டது. மொத்தத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அகதிகள் இப்படி இருக்கக் கூடாது என்று யாராவது நினைத்திருந்தால் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

நெருப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள், தலையில் பூ வளையம். அந்தப் பக்கம் ஆண்கள், தலையில் ஓக் இலை. வோல்டிஸ் கடைசி பெஞ்சின் ஓரத்தில், வளையம் இல்லாமல், ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். பாட்டு மாறி மாறிப் போயிற்று. பெண்களின் சமையலை ஆண்கள் பாடினார்கள். ஆண்கள் துணி துவைக்கிற லட்சணத்தைப் பெண்கள் பாடினார்கள். ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் முழுதும் 'லீகோ, லீகோ' என்று வாங்கிப் பாடியது.

அல்வீனே எழுந்து நின்றாள். வழக்கமாக அவள் உட்கார்ந்துகொண்டேதான் பாடுவாள். யாரைப் பாடப்போகிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டு தொடங்கினாள்.

மரத்தை இழைக்கக் கையிருக்கு, லீகோ,
மாடம் செய்ய உளியிருக்கு, லீகோ,
வாயை மட்டும் செய்ய மறந்து, லீகோ,
வந்து நிக்குது ஓக்கு மரம், லீகோ!

ஆண்கள் கூச்சலிட்டார்கள். வோல்டிஸ் தலை நிமிர்ந்தான். அவள் நிறுத்தவில்லை.

சாயாத தட்டு சாயுதுன்னு, லீகோ,
சனிக்கிழமை தோறும் வந்தவனே, லீகோ,
ஆடாத ஆணியை அடிச்சு அடிச்சு, லீகோ,
அடுத்த வீட்டை எழுப்பினியே, லீகோ!

ஸெல்மா 'ஆமா, ஆமா' என்று சாட்சி சொன்னாள். சிரிப்பு ஓயக் கொஞ்சம் நேரமாயிற்று. அது ஓய்ந்த பிறகு அல்வீனேவின் குரல் சற்று இறங்கி வந்தது. ஹூகோ ஐயாகூடச் சுருதி பார்க்க மறந்தார்.

சுரங்கம் தேடிப் போறவனே, லீகோ,
சொல்லாமலே போறவனே, லீகோ,
நாளைக்குத் தட்டு சாஞ்சா, லீகோ,
நான் யாரைக் கூப்பிடுவேன்?

கடைசி வரிக்கு யாரும் 'லீகோ' சொல்லவில்லை. கூட்டத்துக்கு மறந்துபோயிற்று. அல்வீனே உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி ஊர் சிரித்தாலும் சரி என்று நின்றாள்.

பாடினால் பதில் பாட வேண்டும். வோல்டிஸுக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும் என்பதால், ஓயார்ஸ் அவனுக்குப் பதிலாகப் பாட எழுந்தான். வோல்டிஸ் அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தான். பிறகு தானே எழுந்தான். எழுந்து முடிக்கவே அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும். ஹூகோ ஐயா சட்டைப் பையில் பஞ்சைத் தேடினார்.

ஈர மரத்தில் ரம்பம் போகிற குரல். ராகம் எங்கேயோ, அவன் எங்கேயோ. ஆனால் ஒரு வார்த்தையும் விழுங்காமல் பாடினான்.

ரொட்டி எந்த ஊர்லயும் கிடைக்கும்,
ரூமும் துரையே கொடுத்துடுவான்,
என்னைத் திட்ட ஒரு வாய் வேணுமே,
எங்கே போயி நான் வாங்குவேன்?

'லீகோ' என்று இழுக்க வேண்டும் என்பதையே அவன் மறந்துவிட்டான். ஆண்கள் பக்கம் மொத்தமாக அதை அவனுக்காக இழுத்துப் பாடி முடித்து வைத்தது. பாடி முடித்தவன் உட்காராமல், காது மடல் சிவக்க, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது பதில் பெண்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். எல்லாரும் அல்வீனேவைப் பார்த்தார்கள். எந்த முகாமுக்குப் போனாலும் கடைசிப் பாட்டு அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் பதில் இல்லாமல் நின்று ஒருத்தரும் கண்டதில்லை. ஸெல்மா முழங்கையால் இடித்தாள். ஆண்கள் நேரம் ஆகிறது என்று தொடையில் தட்டத் தொடங்கினார்கள். அல்வீனே தேடிப் பார்த்தாள். உள்ளே ஒரு வரிகூட இல்லை. சந்தோஷம்தான் நெஞ்சு நிறைய இருந்தது, அதற்கு எதுகையும் மோனையும் கிடைக்கவில்லை.

"பொண்ணுங்க தோத்தாச்சு!" என்று ஓயார்ஸ் கத்தினான். ஆண்கள் பக்கம் இரைச்சல் வானத்தைத் தொட்டது.

அல்வீனே மறுத்துப் பேசவில்லை. பாவாடையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி நடந்தாள். ஆண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"தள்ளி உக்காரு" என்றாள்.